ஆறாவது வார்டின் இறந்த வாக்காளர்கள்

ஹோவெல் ப்ரோசர் கல்லறைக் கல்லில் பெயர் வெட்டுகிறவர். ஷாட்வெல் நகரத்தில் யார் செத்தாலும் அவர்களுடைய பெயரைக் கடைசியாக எழுத்துக்கூட்டிப் பார்த்தவர் அவராகத்தான் இருக்கும். கல்லில் ஓர் எழுத்து தப்பினால் கல்லே வீண் என்பதால், உளியை எடுப்பதற்கு முன் ஒவ்வொரு பெயரையும் மூன்று முறை வாய்விட்டுச் சொல்லிக்கொள்வார். அப்படிச் சொன்ன பெயர் எதுவும் அவருக்கு மறந்ததில்லை. முப்பத்தோரு வருஷத்துப் பெயர்கள் அந்த மனுஷனின் தலைக்குள் வரிசையாகக் கிடந்தன.

நான் அவரைத் தேடிப் போனது அதற்காகத்தான். அப்போது நான் ஆறாவது வார்டுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். இரண்டு இலையுதிர்காலங்களில் என் வகுப்பில் பதினொரு பிள்ளைகள் டைஃபாய்டில் போய்விட்டார்கள். மேட்டுத் தெருக்களின் சாக்கடை ஆற்றில் விழும். அதற்கு அரை மைல் கீழே எங்கள் குடிநீர்க் குழாய் ஆற்றில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. நீரை வடிகட்ட ஒரு நிலையம் கட்டுகிறோம் என்று ஒவ்வொரு தேர்தலிலும் சொன்னார்கள். ஒவ்வொரு தேர்தலிலும் அதே ஆட்கள் ஜெயித்தார்கள். நிலையம் வரவில்லை.

மருந்துக்கடைக்காரர் ஒருவர், இரண்டு பாதிரியார்கள், நாங்கள் நாலைந்து ஆசிரியைகள் சேர்ந்து நகரச் சீர்திருத்தக் கழகம் என்று ஒன்றை ஆரம்பித்திருந்தோம். 1905 அக்டோபரில் வார்டின் வாக்காளர் பட்டியல் அச்சாகி வந்தது. வீடு வீடாகப் போய்ச் சரிபார்க்கிற வேலை எனக்கு வந்தது. மூன்று தெருதான் என்னால் முடிந்தது. கதவைத் தட்டி, "மிஸ்டர் லான்டிஸ் இருக்காரா?" என்று கேட்டால், கதவைத் திறந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு, "அவர் போய் ரெண்டு வருஷமாச்சும்மா" என்பாள். அப்படிப்பட்ட நான்காவது வீட்டில் ஒருத்தி கேட்டாள்: "ஏன், நீங்க அவரைப் பார்த்தீங்களா?"

அதற்குப் பிறகு எனக்குக் கதவைத் தட்ட மனம் வரவில்லை. பட்டியலை எடுத்துக்கொண்டு ப்ரோசரின் கல்பட்டறைக்குப் போனேன்.

பட்டறை கல்லறைத் தோட்டத்தின் வாசலை ஒட்டி இருந்தது. மூன்று பக்கம் தகரம், ஒரு பக்கம் திறப்பு. பிற்பகல்தான், ஆனால் எஃகு ஆலையின் புகையும் ஆற்று மூடுபனியும் சேர்ந்து விளக்கு வைக்கிற நேரம் போல இருந்தது. நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் வேலையை நிறுத்தவில்லை.

"வாசிங்க டீச்சர். காது சும்மாதானே இருக்கு."

நான் வாசித்தேன். உயிரோடு இருக்கிறவர்களின் பெயர் வந்தால் உளிச் சத்தம் நிற்காமல் கேட்கும். மற்றப் பெயர் வந்தால் ஒரு கணம் நிற்கும்.

"ஓவன் ரீட்டர்."

"வடக்கு வரிசை. ரெண்டு கை கோத்த மாதிரி செதுக்கச் சொன்னா அவன் பொண்டாட்டி."

"ஜோசப் லான்டிஸ்."

"கல்லு சாஞ்சுபோச்சு. போன மாசம்தான் நிமிர்த்தி வெச்சேன்."

"சைலஸ் கோப்."

"ரயில்ல அடிபட்டவன். பேர்ல ரெண்டு 'பி' போடணும்னு அவங்கம்மா சண்டை போட்டா."

நான் பெயரைச் சொல்ல, அவர் அந்த ஆள் கிடக்கிற இடத்தைச் சொல்ல, எனக்கு வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பது போலவே இருந்தது. பதில் மட்டும் கல்லறைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. எங்கள் வார்டில் சுமார் தொள்ளாயிரம் வாக்காளர்கள். பாதிப் பட்டியலிலேயே செத்தவர்கள் ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். நிறையப் பேர் டைஃபாய்டில் போனவர்கள். எந்தத் தண்ணீர் அவர்களைக் கொன்றதோ, அந்தத் தண்ணீரை அப்படியே வைத்திருந்தவர்களுக்குத்தான் அவர்கள் வருஷம் தவறாமல் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு நான் கவனமில்லாமல் அடுத்த வரியையும் வாசித்துவிட்டேன்.

"எம்ரிஸ் ப்ரோசர். டேனர் வீதி, பதினாலு."

உளி நின்றது. திரும்பத் தொடங்கவே இல்லை.

எம்ரிஸ் அவருடைய ஒரே மகன். 1903 செப்டம்பரில் இருபத்திரண்டு வயதில் டைஃபாய்டில் இறந்தவன்.

"ஓட்டுப் போட்டிருக்கானா?" என்று கேட்டார்.

பெயருக்கு எதிரே போன தேர்தல்களின் குறிகள் இருந்தன. "போன வருஷம் போட்டிருக்கான். அதுக்கு முன் வருஷமும்."

"முன் வருஷம்னா, அவன் செத்து எட்டு வாரத்துல."

"ஆமா."

அவர் மேலங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு கற்பலகையின் ஓரத்தில் உட்கார்ந்தார். "டீச்சர், ஒண்ணு சொல்றேன். வெளியில சொல்லாதீங்க" என்றார். "என் பொண்டாட்டி நெஸ்டா அவனைப் பார்த்தேன்னு சொன்னா. ஒரு தடவை இல்ல, ரெண்டு தடவை. ரெண்டும் நவம்பர்ல. காலையில தெருக்கோடியில அவன் கோட்டைப் போட்டுக்கிட்டுப் போறான்னா. நான் திட்டினேன். டாக்டரைக் கூட்டிட்டு வந்து மருந்து குடிக்க வெச்சேன். அவளுக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு பக்கத்து வீட்லகூடச் சொன்னேன்."

"எந்தக் கோட்டு?"

"பழுப்புக் கோட்டு. ஆலையில முழங்கைப் பக்கம் கிழிஞ்சுது. வீட்ல பழுப்புத் துணி இல்லைன்னு பச்சைக் கம்பளியை வெச்சுத் தெச்சிருந்தா."

"இப்ப அது எங்கே இருக்கு?"

அவர் கொஞ்சம் யோசித்தார். யோசிக்க யோசிக்க முகம் மாறியது. "அடக்கம் முடிஞ்ச மூணாம் நாள் க்ளெம் டார்சி வந்தான்" என்றார்.

வருஷா வருஷம் ஜெயிக்கிற கட்சிக்கு எங்கள் வார்டில் ஓட்டுச் சேர்க்கிறவன் க்ளெம் டார்சி. மதுக்கடை நடத்தினான், மாடியில் மலிவு விடுதி வைத்திருந்தான். கெட்டவன் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. ஆலை வேலைநிறுத்தத்தின்போது எங்கள் தெருவுக்கு வண்டி வண்டியாக நிலக்கரி அனுப்பியவன். துக்க வீட்டுக்கு முதலில் வருகிறவனும் அவனே. அன்றைக்கும் ஒரு பெரிய பன்றித்தொடையோடு வந்து நெஸ்டாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறான். போகும்போது, "பையன் துணிமணியெல்லாம் கண்ணுல பட்டுக்கிட்டே இருந்தா உனக்குத்தான் கஷ்டம். குடு, யாராவது ஏழைப் பையனுக்கு ஆகும்" என்று மூட்டையாகக் கட்டி வாங்கிப் போயிருக்கிறான்.

நாங்கள் பட்டியல் பார்க்கிற செய்தி இரண்டே நாளில் அவன் காதுக்கு எட்டிவிட்டது. மூன்றாம் நாள் பட்டறைக்கு வந்தான். நானும் அங்கே இருந்தேன். தொப்பியைக் கழற்றி எனக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, ஒரு புதுக் கல்லின் மேல் சாய்ந்துகொண்டான்.

"என்ன ஹோவெல், இப்ப பேர் வெட்டறதை விட்டுட்டுப் பேர் அடிக்கிற வேலையில இறங்கிட்டியாமே?"

"என் பையன் பேரு பட்டியல்ல இருக்கு க்ளெம்."

"இருக்கட்டுமே. செத்தவங்களுக்கு நம்ம கட்சி மேல அவ்வளவு விசுவாசம். நான் வேண்டாம்னா சொல்ல முடியும்?" என்று சிரித்தான். ப்ரோசர் சிரிக்காததைப் பார்த்து குரலைத் தணித்தான். "இதோ பாரு. கல்லறைத் தோட்டத்து வேலையெல்லாம் நகராட்சி வேலை. நாளைக்கே வேற கொத்தனைப் போடச் சொன்னாப் போட்டுருவாங்க. ஓட்டுப் போடவே முடியாத ஒரு டீச்சரம்மா பேச்சைக் கேட்டு நீ ஏன் வயித்துல அடிச்சிக்கிறே? உன் பையன் பெட்டியை ஒரு பக்கம் தூக்கினவன் நான்."

"தூக்கினே. அதனாலதான் உன்கிட்ட கேக்கறேன். அவன் பொணம் என்ன கனம் கனத்துதுன்னு உனக்குத் தெரியும். அப்புறம் எப்படி அவன் நடந்து வந்து ஓட்டுப் போட்டான்னு உன்னால எழுத முடிஞ்சுது?"

டார்சி சாய்ந்திருந்த கல்லை விட்டு நிமிர்ந்தான். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

நவம்பர் ஏழு தேர்தல். கழகத்தின் சார்பில் ப்ரோசரைப் பூத் ஏஜெண்டாக உட்காரவைத்தோம். எங்கள் வாக்குச்சாவடி ஒரு முடிதிருத்தும் கடை. கண்ணாடிகளுக்குத் துணி போட்டு மூடி, நடுவில் பெட்டியை வைத்திருந்தார்கள். பெண்களுக்கு அப்போது ஓட்டும் இல்லை, உள்ளே வரவும் கூடாது. நானும் நெஸ்டாவும் எதிர்ப்புறத்து நடைபாதையில் நின்றோம். அவளை வரச் சொன்னது நான் இல்லை. காலையில் ப்ரோசர் கிளம்பும்போது அவளே போர்வையைப் போர்த்திக்கொண்டு கிளம்பியிருக்கிறாள். "இன்னிக்கு ஓட்டு நாள். அவன் வர்ற நாள்" என்றாளாம்.

அன்று மூடுபனி தெருவிளக்குக் கம்பத்தின் பாதி உயரத்துக்கு இறங்கியிருந்தது. கடையின் கதவு திறந்தே இருந்ததால் உள்ளே பேசுவது தெருவுக்குக் கேட்டது. டார்சியின் விடுதியிலிருந்து ஆட்கள் ஏழெட்டுப் பேராகப் பனிக்குள்ளிருந்து வந்தார்கள். முகம் தெரிவதற்கு முன்பே பூட்ஸ் சத்தம் வரும்.

"பேரு?"

"ஜோசப் லான்டிஸ்."

ப்ரோசரின் குரல் எழுந்தது. உரக்கப் பேசவில்லை. பட்டறையில் எனக்குச் சொன்ன அதே குரல்தான். "ஆட்சேபிக்கிறேன். ஜோசப் லான்டிஸ் 1903 ஆகஸ்டு மாசம் செத்துட்டார். கிழக்குச் சுவர் ஓரம். 'வருந்தாதே, முன்னால் போகிறேன்'னு கல்லுல வெட்டினது நான்."

"குறிச்சுக்கிட்டோம். ஓட்டைப் போட்டுட்டுப் போப்பா" என்றார் தேர்தல் அதிகாரி. அவரும் டார்சியின் ஆள்தான்.

அடுத்தவன் ஓவன் ரீட்டர் என்றான்.

"ஆட்சேபிக்கிறேன். வடக்கு வரிசை. ஞாயித்துக்கிழமை தவறாம உன் பொண்டாட்டி பூ கொண்டாந்து வெக்கிறா. போன வாரம் மழையில நனைஞ்சுக்கிட்டே ரொம்ப நேரம் உன்கிட்டப் பேசிக்கிட்டிருந்தா. என்ன சொன்னான்னு உனக்குக் கேட்டுதா?"

அந்த ஆள் முதலில் சிரித்தான். பிறகு யாரும் கூடச் சிரிக்காததைக் கவனித்தான். சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தவன், தெருவில் நின்று இரண்டு கையையும் கால்சட்டையில் மாறி மாறித் துடைத்துக்கொண்டே இருந்தான். வரிசையில் நின்ற இன்னொருவன் தன் கையிலிருந்த பெயர்ச் சீட்டைப் பார்த்து, "இவன் எப்படிச் செத்தான்?" என்று பின்னால் நின்றவனிடம் கேட்டது எங்களுக்கே கேட்டது. பத்து மணிக்குள் வரிசை மெலிந்தது. பனிக்குள்ளிருந்து வந்த பூட்ஸ் சத்தம் வாசல் வரை வந்து, கொஞ்சம் தயங்கி, திரும்பிப் போகத் தொடங்கியது.

பதினொரு மணி இருக்கும். நெஸ்டா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பாருங்க. வந்துட்டான்."

வேலை முடிந்து வருகிற மகனைப் பற்றிச் சொல்வது போலச் சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் பார்த்தேன். ஒல்லியான உருவம், பழுப்புக் கோட்டு, தலையைக் குனிந்து இடது தோளை முன்னால் தள்ளிக்கொண்டு நடக்கிற நடை. எம்ரிஸ் எங்கள் ஞாயிறு பள்ளியில் பாடிய பையன். அவன் நடை எனக்கும் தெரியும். அவளைத் தடுக்கக் கை நீட்டினேன். அதற்குள் நெஸ்டா சாலையைக் கடந்துவிட்டாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"பேரு?"

"எம்ரிஸ் ப்ரோசர். டேனர் வீதி, பதினாலு."

ப்ரோசர் எழுந்து நின்றார். காலையிலிருந்து இருபதுக்கு மேற்பட்டவர்களை ஆட்சேபித்த மனுஷனின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அந்தப் பெயரை மூன்று முறை சொல்லிவிட்டுத்தான் அவர் அந்தக் கல்லையும் வெட்டியிருப்பார்.

"ஆட்சேபணை உண்டா, இல்லியா?" என்றார் அதிகாரி. பிறகு எங்களைப் பார்த்துவிட்டு, "ஏய், பொம்பளைங்க உள்ள வரக்கூடாது!" என்று கத்தினார்.

நெஸ்டா அதைக் காதில் வாங்கவே இல்லை. அந்தப் பையனின் இடது முழங்கையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள். பச்சைக் கம்பளி ஒட்டு இருந்தது.

"இந்தத் தையல் என்னோடது" என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். மூக்கு கூர்மையாக, கன்னம் ஒட்டிப்போய், இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க முகம். மகனின் முகம் இல்லை. அவள் கண்ணில் நான் பயத்தைப் பார்த்தது அப்போதுதான். "நீ யாரு?"

அவன் அதிகாரியைப் பார்த்தான். ப்ரோசரைப் பார்த்தான். மெதுவாகக் கோட்டைக் கழற்றத் தொடங்கினான்.

"லெஸ்டர் கேனன்மா. டார்சியோட விடுதியில தங்கியிருக்கேன். இது செத்தவன் கோட்டுன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"போட்டுக்கோ. குளிருது" என்றாள் அவள்.

அன்றைய கணக்கில் டார்சியின் ஆட்களே ஜெயித்தார்கள். ஆனால் ஜனவரியில் வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்தது. கேனன் சாட்சி சொன்னான். அவன் சொன்னதைக் கேட்டு விடுதிக்காரர்கள் இன்னும் ஆறு பேர் வந்தார்கள். கடைசியில் டார்சியே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். யார் யாருக்கு எந்தப் பெயர் கொடுத்தான், எந்தத் துணி கொடுத்தான் என்று ஒளிக்காமல் சொன்னான். பழக்கமான துணியைப் பார்த்தால் பக்கத்துக்காரர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை என்று விளக்கமும் கொடுத்தான்.

ஒரு விஷயம் மட்டும் ஒட்டவில்லை. கேனன் எங்கள் ஊருக்கே 1904 வசந்தத்தில்தான் வந்தவன். 1904 நவம்பரில் எம்ரிஸ் பெயரில் ஓட்டுப் போட்டது தான்தான் என்று சொன்னான். 1903இல் போட்டது யார் என்று வழக்கறிஞர் டார்சியைக் கேட்டார்.

"எனக்குத் தெரியாது சார்."

"கோட்டை யாருக்குக் கொடுத்தீர்கள்?"

"அந்த வருஷம் யாருக்கும் குடுக்கல. மூட்டையை நான் பிரிக்கவே இல்ல. அலமாரியில பூட்டி வெச்சிருந்தேன். பையனோட பெட்டியைத் தூக்கி எட்டு வாரம்தான் ஆகியிருந்தது. எனக்கே மனசு வரல. பட்டியல்ல குறி இருக்கறதை நானே அப்புறமாத்தான் பார்த்தேன்."

அத்தனை குற்றத்தையும் ஒப்புக்கொண்டவனுக்கு இந்த ஒன்றில் மட்டும் பொய் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. நெஸ்டா பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்தாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

"முதல் தடவை பார்த்தது இந்தப் பையனை இல்லீங்க" என்றாள். "ரெண்டாம் தடவை வந்த இந்தப் பையன் திரும்பாமப் போனான். அதுக்கு முன்னாடி வந்தவன் நின்னு திரும்பி என்னைப் பார்த்தான்."

நீதிபதி அவளை உட்காரச் சொல்லிச் சுத்தியலைத் தட்டவில்லை. கொஞ்ச நேரம் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறகு அடுத்த சாட்சியைக் கூப்பிட்டார். ப்ரோசர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் அவளிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மருந்துப் புட்டியை அன்றைக்கே ஆற்றில் எறிந்துவிட்டார்.

வார்டின் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பானது. மறுதேர்தலில் எங்கள் மருந்துக்கடைக்காரர் நாற்பது ஓட்டில் ஜெயித்தார். அதே வருஷம் மாநிலத்தில் புதுச் சட்டமும் வந்தது. நகரத்து வாக்காளர் ஒவ்வொருவரும் நேரில் வந்து பெயர் பதிய வேண்டும் என்றாகிவிட்டது. வடிகட்டும் நிலையம் கட்டி முடிக்க மூன்று வருஷம் ஆனது. அதற்குப் பிறகு என் வகுப்பில் டைஃபாய்டில் பெஞ்சு காலியாகவில்லை. டார்சி ஏழு மாதம் சிறையில் இருந்துவிட்டு வந்து கடையைத் திறந்தான். நிலக்கரியை நினைத்துக்கொண்டு பாதி வார்டு அவனைக் கட்டிப்பிடித்து வரவேற்றது. ப்ரோசரின் நகராட்சி வேலை போனது போனதுதான். பக்கத்து ஊர்களுக்கு வெட்டிக் கொடுத்துப் பிழைத்தார்.

கேனனுக்குத்தான் போக்கிடம் இல்லாமல் போயிற்று. சாட்சி சொன்ன அன்றே விடுதியிலிருந்து துரத்திவிட்டார்கள். நெஸ்டா போய் அவனைக் கூட்டிவந்து மாடி அறையில் படுக்க வைத்தாள். அது எம்ரிஸின் அறை. எந்த முகவரியைப் பொய்யாகச் சொன்னானோ, அந்த முகவரியிலேயே குடியேறினான். எனக்கு அது பிடிக்கவில்லை. ப்ரோசருக்கும் பிடிக்கவில்லை.

"டீச்சர், நேத்து அவ கவனமில்லாம 'எம்ரிஸ்'னு கூப்பிட்டா" என்று ஒருநாள் பட்டறையில் சொன்னார். "அது பரவாயில்ல. அவன் 'என்னம்மா'ன்னு திரும்பினான். பெருசா யோசிக்காம, தன் பேர் மாதிரியே. எனக்கு முதுகு சில்லுனு ஆயிடுச்சு. வேணும்னு செய்யல அவன். அந்தப் பேரை ரொம்ப நாள் மனப்பாடம் பண்ணியிருக்கான் இல்லியா, அது அவனுக்குள்ள போய் உக்காந்துடுச்சு."

"அவனை வேற இடம் பார்த்துக்கச் சொல்லுங்க."

"அவகிட்டச் சொல்லிப் பார்த்தேன். 'நீ ஒரு தடவை என்னை நம்பல, இப்ப நம்பு'ன்னா. அதுக்கு மேல நான் என்ன பேச?"

கேனன் அந்த வீட்டில் பத்து வருஷத்துக்கு மேல் இருந்தான். வடிகட்டும் நிலையத்தில் வேலை கிடைத்தது. சொந்தப் பெயரில் பதிந்து ஓட்டுப் போட்டான். 1917இல் ப்ரோசர் கல்தூசியில் நுரையீரல் கெட்டு இறந்தபோது பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கினவன் அவன்தான்.

அடக்கத்துக்கு மறுநாள் காலை நான் டேனர் வீதிக்குப் போனேன். நெஸ்டாவுக்குப் பார்வை மங்கிவிட்டிருந்தது. அடுப்பருகே நின்று காப்பி ஊற்றிக்கொண்டிருந்தாள். மாடிப்படியில் காலடி இறங்கி வந்தது. கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் திரும்பாமலே கேட்டாள்:

"உன் பேர் என்ன?"

"லெஸ்டர் கேனன்மா."

"சரி, உக்காரு" என்று கோப்பையை மேசையில் வைத்தாள்.

நான் விழித்ததைப் பார்த்துவிட்டு அவன் மெல்லச் சொன்னான்: "தினம் காலையில கேப்பாங்க டீச்சர். சொன்னாத்தான் காப்பி."

"கேட்டுக்கணும் இல்லியா" என்றாள் நெஸ்டா, ரொட்டியை வெட்டிக்கொண்டே. "என்னிக்காவது ஒருநாள் வேற பதில் வந்தா, இன்னொரு கோப்பை எடுத்து வெக்கணுமே."